சந்திரமதியின் அழுகைக்கு எப்படித் தயாராவது? மயான காண்டம் நடிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

முதன்முறையாகப் பெரிய வேடம் ஏற்கிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஒத்திகை நடத்தி வருகிறேன். அரிச்சந்திர மயான காண்டத்தில் சந்திரமதி வேடம் என்று சொன்னதுமே பலருக்கும் முகம் மாறிவிடும். மகனைப் பறிகொடுத்த தாயாக மேடையில் நிற்பது சாதாரணக் காரியம் இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். துக்கம் சுமக்கும் வேறு எந்த வேடத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கதை மேலோட்டமாகத்தான் தெரியும். நடிக்கத் தேவையான அளவு சொல்ல முடியுமா?

அயோத்தி மன்னன் அரிச்சந்திரன் சொன்ன சொல் தவறாதவன். விசுவாமித்திரரின் சோதனையில் நாட்டை இழக்கிறான். அவருக்குத் தர வேண்டிய கடனுக்காகக் காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காலகண்டையர் என்ற அந்தணருக்கு விற்கிறான். தன்னை வீரபாகுவுக்கு விற்றுக்கொண்டு மயானம் காக்கப் போகிறான். தர்ப்பை அறுக்கப் போன லோகிதாசனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. செய்தி கேட்டு ஓடத் துடிக்கும் தாயிடம், வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார்கள். அவள் முடித்துவிட்டுத்தான் போகிறாள். இருட்டில் தனியாகத் தேடி, சடலத்தைக் கண்டெடுத்து, தூக்கிக்கொண்டு மயானத்துக்கு வருகிறாள். அங்கே காவலன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அவளிடம் எதுவுமில்லை. கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டுவா என்கிறான். பிறவியிலேயே அவள் கழுத்தில் இருந்த அந்தத் தாலி அவள் கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். எதிரே நிற்பவன் யார் என்று அவளுக்குப் புரிவது அந்த நொடியில்தான்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து, சந்திரமதி இந்த இரவில் என்னென்ன வேலை செய்கிறாள் என்று எழுதுங்கள். பாத்திரம் தேய்க்கிறாள் அல்லது நெல் குத்துகிறாள் (உங்கள் பிரதி எதைச் சொல்கிறதோ அதை). வழி தேடுகிறாள். பிள்ளையைத் தூக்குகிறாள். விறகு பொறுக்குகிறாள். காவலனிடம் மன்றாடுகிறாள், வாதாடுகிறாள். நடிக்க வேண்டியது இவ்வளவும்தான். அழுகை இந்த வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிகளில் வரும்.

எனக்குக் கண்ணீர் சுலபத்தில் வராது. கிளிசரின் போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஊர்த் திடலில் பத்தாவது வரிசைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் கண்ணீர் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிவது உங்கள் தோளும் கழுத்தும், நடை தடுமாறுவதும், குரல் உடைவதும். ஆகவே கண்ணைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மேடையில் தாரை தாரையாக அழுகிறவரைப் பார்த்துச் சபை அழுவதில்லை, வேடிக்கைதான் பார்க்கிறது. அழக் கூடாது, அழுதால் கை ஓடாது, கை ஓடாவிட்டால் பிள்ளையை அடக்கம் பண்ண முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுள்ளி பொறுக்குகிறவளைப் பார்த்துத்தான் முன்வரிசைப் பாட்டி முந்தானையை எடுக்கிறாள். சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்த காந்தி, அதைத் தனக்குள்ளேயே எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகவும், அதை நினைக்கும்போது பல தடவை அழுததாகவும் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரை விடாமல் பிடித்துக்கொண்டது சத்தியத்துக்காக அவர்கள் பட்ட பாடு.

என் சொந்தத் துக்கத்தை நினைத்துக்கொண்டு நடிக்கலாமா?

இந்தக் கேள்வி மிகப் பழையது. கிரேக்க நாட்டில் போலஸ் என்றொரு நடிகர் இருந்தார். சோபாக்ளிஸ் எழுதிய நாடகத்தில் எலெக்ட்ரா வேடம் அவருக்கு. தம்பியின் அஸ்திக் கலசம் என்று நம்பி ஒரு கலசத்தைக் கட்டிக்கொண்டு எலெக்ட்ரா புலம்பும் காட்சி அதில் உண்டு. போலஸ் கொஞ்ச காலத்துக்கு முன்புதான் தன் மகனைப் பறிகொடுத்திருந்தார். மகனின் கல்லறையிலிருந்து அவனுடைய அஸ்திக் கலசத்தையே எடுத்து வந்து மேடையில் ஏந்தி அழுதாராம். இரண்டாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கூடவே, மறுநாள் அந்த மனிதர் என்ன ஆனார் என்ற கேள்வியும் வரும்.

நம் காலத்துக்கு வந்தால், ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகரின் சொந்த உணர்வு நினைவைத் தொடக்கத்தில் பெரிதாகப் பயன்படுத்தினார். பிற்காலத்தில், பாத்திரம் செய்யும் செயல்களைச் சரியாகச் செய்தால் உணர்வு தானே பின்தொடரும் என்ற பக்கம் நகர்ந்தார். அமெரிக்காவில் நடிப்பாசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் பழைய வழியையே பிடித்துக்கொண்டார். அவரும்கூட, ஏழு ஆண்டுகளாவது ஆன நினைவைத்தான் தொட வேண்டும், பச்சைப் புண்ணைக் கிளறக் கூடாது என்று சொன்னவர். 1934இல் பாரீசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்துவிட்டு வந்த அமெரிக்க நடிகை ஸ்டெல்லா அட்லர், நாடகத்தின் சூழலும் நடிகரின் கற்பனையும் போதும் என்று வாதாடினார்.

நான் அட்லர் பக்கம். சொந்த நினைவு முதல் மூன்று இரவுகளுக்கு உதவும். நான்காவது இரவு அது மரத்துப்போகும், அல்லது மேடையில் உங்களைக் கட்டுமீறி இழுத்துக்கொண்டு போகும். இரண்டுமே சந்திரமதிக்கு ஆகாது. அதோடு உங்கள் அப்பாவையோ அத்தையையோ நினைத்து நீங்கள் அழுதால், அந்த அழுகைக்கும் தர்ப்பைக் காட்டில் கிடக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விடுகிறது. பார்க்கிறவர்களுக்கு இது எப்படியோ தெரிந்துவிடும்.

சொந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது வேறொன்று: சின்னச் சின்னச் செய்கைகள். எங்கள் தாத்தா இறந்த அன்று காலை அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அரிசி அளக்கும் படியைத் தேடிக்கொண்டே இருந்தார். வீட்டில் நாற்பது பேர் நிற்கிறார்கள், அம்மா ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்க்கிறார். படி கிடைத்ததும் அதைக் கையில் பிடித்தபடி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். இத்தனை ஆண்டுகளில் துக்கத்தை நடிப்பது பற்றி நான் கற்றதில் பாதி அந்தப் படியிலிருந்துதான்.

துக்கம் என்றால் ஒன்றுதானே? அதில் வகை பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். உடம்பில் வெளிப்படும் உணர்ச்சியை மெய்ப்பாடு என்கிறது அது. எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் ஒன்று. அது எதனால் பிறக்கும் என்பதற்கு நான்கு காரணங்கள்: "இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே." இளிவு என்பது பிறர் இகழ நிற்பது. இழவு என்பது உயிரையோ உறவையோ பறிகொடுப்பது. அசைவு என்பதற்குப் பழைய நிலை கெட்டு வேறு நிலைக்கு வந்து வருந்துதல் என்று உரை சொல்கிறார்கள். வறுமை நமக்குத் தெரிந்ததுதான்.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு மயான காண்டத்தை மறுபடி படியுங்கள். மகன் செத்துக் கிடக்கும்போதும் வேலையை முடி என்று அதட்டப்படுகிறாளே, அது இளிவு. பிள்ளை போனது இழவு. பட்டத்தரசியாக இருந்தவள் சுள்ளி பொறுக்குவது அசைவு. கால்பணம் இல்லாமல் நிற்பது வறுமை. நான்கும் ஒரே இரவில், ஒரே பெண்மேல் வந்து விழுகின்றன.

ஒத்திகையில் இதை நான் அப்படியே பயன்படுத்துகிறேன். வசனப் பிரதியில் நான்கு நிறப் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். இந்த வரியில் அவளை வாட்டுவது எது? பிள்ளையா, அவமானமா, பழைய வாழ்வா, காசில்லாமையா? காவலன் கூலி கேட்கும் இடத்தில் பெரும்பாலோர் பிள்ளையை நினைத்து அழுகிறார்கள். அங்கே குத்துவது வறுமையும் இளிவும். அங்கே அழுகையைவிட வெட்கமும் கோபமும்தான் முன்னே நிற்க வேண்டும். இப்படிப் பிரித்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரமும் ஒரே ஸ்தாயியில் கதறும் ஆபத்து நீங்கிவிடும்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று படித்தேன். அந்த வரிசையில் வேடத்தை அமைக்கலாமா?

வேண்டாம். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தையும் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, சாகப்போகும் நோயாளிகளிடம் பேசித் தெரிந்துகொண்டதை வைத்து. பறிகொடுத்தவர்களின் மேல் அதைப் பிற்பாடுதான் ஏற்றினார்கள். படிக்கட்டு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் துக்கம் நடப்பதில்லை. 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது நடிகருக்கு அதிகம் உதவும்: துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாடக் காரியத்துக்கும் நடுவே ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறார். அரிசிப் படியைத் தேடியது அதுதான். சந்திரமதி விறகு பொறுக்குவதும் அதுதான்.

ஒப்பாரி பாடத் தெரியாது. எங்கே கற்றுக்கொள்வது?

ஒப்பாரி தெரிந்த பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகும்போது சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். சாவு நடக்காத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பலர் நினைப்பார்கள். "வீட்டுக்குள்ள வேணாம்யா, கொல்லைப்பக்கம் போவோம்" என்பார்கள். அப்படிச் சொன்னால் மறு பேச்சில்லாமல் எழுந்து போங்கள். பாடத் தொடங்கினால் அவர்களுக்குச் சொந்தச் சாவு நினைவு வந்து உண்மையாகவே அழுவார்கள். பாதியில் நிறுத்தினால் மேற்கொண்டு கேட்காதீர்கள். பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.

துக்க வீட்டுக்கு 'பார்த்துக் கற்க' போகலாமா என்று கேட்கிறார்கள். உறவோ பழக்கமோ இருந்து துக்கம் கேட்கப் போனால் போங்கள். போனில் படம் பிடிப்பதற்கென்று போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கேட்கும்போது எதைக் கவனிப்பது? ஒப்பாரி இறந்தவரிடம் நேராகப் பேசுகிறது. 'நீ', 'என் ராசா' என்று முன்னிலையில் இருக்கிறது. உயர்ந்த பொருளோடு ஒப்பிட்டுச் சொல்கிறது, பிறகு அந்த உயரத்திலிருந்து விழுகிறது. வரி முடியும் இடத்தில் குரல் இழுபட்டு விம்மலில் போய்ச் சேர்கிறது, அந்த விம்மலிலேயே அடுத்த வரிக்கான மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே அது கட்டுக்கடங்காத கதறல் இல்லை, தாளமும் மூச்சுக் கணக்கும் உள்ள கலை. நாற்பது வயதுக்காரி ஒருத்தி மூன்று மணி நேரம் தொண்டை கட்டாமல் பாடுவது இந்தக் கணக்கால்தான்.

முதல் பத்து நிமிடத்திலேயே குரல் கம்மிவிடுகிறது. என்ன செய்யலாம்?

நிஜமாக அழும்போது தொண்டை இறுகும். அந்த இறுக்கத்தோடு சத்தமாகப் பேசினால் குரல் போய்விடும். ஆகவே அழுகையை வயிற்றில் வையுங்கள், தொண்டையைத் திறந்தே வையுங்கள். விம்மல் என்பது உதரவிதானம் துண்டு துண்டாக இழுத்துக்கொள்வது. மல்லாந்து படுத்து வயிற்றில் கையை வைத்து, மூக்கால் மூன்று துண்டாக மூச்சிழுத்து வாயால் ஒரே பெருமூச்சாக விடுங்கள். பத்து முறை போதும், அதற்கு மேல் தலை சுற்றும். இதைச் செய்யும்போதே சிலருக்குக் கண் கலங்கிவிடும். உடம்பு வழி காட்டினால் மனம் பின்னாலேயே வருகிறது.

பாட்டுள்ள நாடகமானால் ஆர்மோனியக்காரரோடு உட்கார்ந்து சுருதியைப் பேசிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டைக்கு மேல் ஒரு கட்டையில் பாடித்தான் சோகம் காட்ட வேண்டும் என்பதில்லை. உச்சத்தை ஒரே ஒரு இடத்துக்கு மிச்சம் வையுங்கள். என்னைக் கேட்டால் அந்த இடம் தாலி என்ற சொல் காவலன் வாயிலிருந்து வரும் நொடி. சிலர் பிள்ளையைக் கண்டெடுக்கும் இடம் என்பார்கள். அங்கே முழு மௌனம் இன்னும் கனமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளையாகப் பொம்மை வைப்பதா, சிறுவனையே படுக்க வைப்பதா?

துணிப் பொம்மை என்றால் கனம் வேண்டும். காற்றுப்போல லேசான பொம்மையைத் தூக்கிக்கொண்டு யாராலும் துக்கப்பட முடியாது. ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் துணியில் சுற்றித் தூக்கி நடக்கச் சொல்கிறேன். முழங்கால் மடங்கும், மூச்சு வாங்கும், இடுப்பு மாற்றி வைக்கத் தோன்றும். ஒரு பெண் மூட்டையைத் தூக்கிய நான்காவது நாள், தன்னையறியாமல் அதன் 'தலை' தொங்காதபடி கையைக் கொடுத்தாள். அதற்குமேல் நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சிறுவனே நடித்தால், அவனுக்குக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். நீங்கள் அழப்போவதை அவன் முன்பே ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பார்க்கட்டும். பயந்தால் உங்கள் விரலை அழுத்தச் சொல்லி ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். அவன் அம்மாவோ அப்பாவோ திரைக்குப் பின்னால் இருப்பது நல்லது.

நான் அரிச்சந்திரன். எனக்கு அழக்கூட இடமில்லையே?

உங்கள் வேடம் இன்னும் கடினம். மகன் என்று தெரிந்த பிறகும் எசமானனுக்குச் சேர வேண்டிய கூலியை விட்டுக்கொடுக்க முடியாதவன். அந்த மறுப்பைக் கல்நெஞ்சமாகக் காட்டினால் நாடகம் செத்தது. கையில் கோல் இருக்கிறது. துக்கம் முழுவதையும் அந்தக் கோலைப் பிடித்திருக்கும் விரல்களுக்குக் கொண்டுபோங்கள். யாழ்ப்பாணத்தில் மயான காண்டம் என்றாலே நடிகமணி வி. வி. வைரமுத்துவின் பெயரைத்தான் சொல்வார்கள். அவருடைய பாட்டுப் பதிவுகள் கிடைத்தால் கேளுங்கள்.

அப்பா இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த வேடத்தை ஏற்கலாமா?

உங்களைத் தவிர யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு வேடத்தைத் திருப்பிக் கொடுப்பது கோழைத்தனம் ஆகாது, அடுத்த ஆண்டும் மயான காண்டம் நடக்கும். சிலருக்கு மேடை ஆறுதல் தருகிறது, வீட்டில் அழ முடியாததை அங்கே அழுகிறார்கள். அப்படி ஏற்பதானால் இயக்குநரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இன்னொருவரும் அந்த வேடத்தைப் பாடம் பண்ணி வைத்திருக்கட்டும். ஒத்திகையில் நிறுத்த வேண்டுமென்றால் 'நிறுத்து' என்று ஒரு சொல் போதும், காரணம் கேட்கக் கூடாது என்று குழு முழுவதும் பேசிக்கொள்ளுங்கள்.

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வே வேண்டாம் போலிருக்கிறது என்ற நிலை வந்தால் அது நாடகத்தால் தீராது. மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

ஒத்திகையே இல்லாமல் நடிக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைச் சொல்கிறீர்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், விடியும்வரை நடிப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழி வந்த பாட்டும் வசனமும் அவர்கள் இரத்தத்தில் ஊறியவை. அடுத்த வரி என்ன என்ற பயம் இல்லாததால் எதிரே நிற்பவரின் குரலைக் கேட்க அவர்களால் முடிகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே பாடத்தை முதல் வாரத்திலேயே நெட்டுருப் போட்டுவிடுங்கள். வசனம் தடுமாறும்போது துக்கம் வராது.

நாடகம் முடிந்த பிறகும் அந்தக் கனம் இறங்க மறுக்கிறது.

இறங்க நேரம் கொடுங்கள். அரிதாரத்தை நீங்களே, தேங்காய் எண்ணெய் தொட்டு, அவசரப்படாமல் துடையுங்கள். புடவையை மடித்து வைத்துவிட்டு உங்கள் சொந்த உடையைப் போடுங்கள். பிள்ளையாக நடித்த சிறுவனோடு இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுங்கள். அவன் எழுந்து ஓடுவதைப் பார்ப்பது உங்களுக்கும் நல்லது. சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். அரிதாரத்தோடு நேராகப் பேருந்து ஏறிப் போகிறவர்களுக்குத்தான் இரவு முழுவதும் தூக்கம் வருவதில்லை.

சபையில் உண்மையாகவே துக்கத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்திருந்தால்?

நம் மரபில் இது புதிது இல்லை. வட மாவட்டங்களில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கிறார்கள். செத்தவர் வீட்டுக்காரர்களே எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பல ஊர்ச் சுடுகாட்டு வழியில் அரிச்சந்திரன் கல்லோ கோயிலோ இருக்கிறது, பாடையை அங்கே இறக்கி வைத்துச் சடங்கு செய்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். இந்தக் கதை மேடைக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு முறை எங்கள் நாடகம் முடிந்ததும் நடுவயதுப் பெண் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். சந்திரமதியாக நடித்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். மகன் போய் ஒரு வருடம் ஆகிறது என்றார். நடித்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள், என்ன சொல்வதென்று தெரியவில்லை அவளுக்கு. எனக்கும் தெரியவில்லை. "பேர் என்னக்கா?" என்று கேட்டாள். அவர் மகனின் பெயரைச் சொன்னார். பிறகு அவன் என்ன படித்தான், என்ன சாப்பிடுவான் என்று சொல்லிக்கொண்டே போனார். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்த இரண்டு நாற்காலிகளை மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை.